மிக்கேல்ராஜ் மாஸ்டரும் ராமுத்தாயின் நாக்கும்

மேடையில் வீற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, சமையல்காரர் சங்கத் தலைவர் இஷாக் பாய் அவர்களே, மாஸ்டரின் துணைவியார் ஆரோக்கியம்மாள் அவர்களே, அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கும் சமையல்காரர்களே, பந்தி பரிமாறுகிறவர்களே, பாத்திரம் கழுவும் பெண்களே! அனைவருக்கும் வணக்கம். பின்னால் நிற்கிறவர்கள் முன்னால் வாருங்கள், நாற்காலி சும்மாதான் கிடக்கிறது.

செவ்வாய்க்கிழமை நெஞ்சுவலி வந்து நம்மை விட்டுப் போய்விட்டார், பிரியாணி மாஸ்டர் மிக்கேல்ராஜ். வடமதுரையிலிருந்து சித்தையன்கோட்டை வரைக்கும் அவர் அண்டா இறங்காத கல்யாண மண்டபம் உண்டா? அவர் கைச்சோறு சாப்பிடாதவர் இந்தக் கூட்டத்தில் ஒருவர் உண்டா? சங்கச் செயலாளர் பெருமாள்சாமியாகிய எனக்கு அலங்காரமாகப் பேச வராது. ஆனால் ஒரு கோபம் இருக்கிறது. அடக்கம் முடிந்த மறுநாளே மூன்று பேர் எனக்குப் போன் போட்டார்கள். மாஸ்டர் பிடித்து வைத்த ஆர்டர்கள் யாருக்கு என்று கேட்டார்கள். நான்கு வருடமாக அவர் அடுப்பு ஓரத்தில் உட்கார்ந்திருந்த ராமுத்தாய் இனி என்ன ஆவார் என்று ஒருவராவது கேட்டீர்களா? கேட்கவில்லை. அதனால்தான் இன்று நான் பேசுகிறேன்.

நம் தொழிலில் ஒரு வீம்பு உண்டு. மாஸ்டர் என்றால் ருசி பார்க்கக் கூடாது. மூடியைத் தூக்கி ஆவியை முகர்ந்தே உப்பு, காரம் சொல்ல வேண்டும். “நக்கிப் பாக்குறவன்லாம் மாஸ்டரா?” என்று கேலி பேசுவோம். நானும் பேசியிருக்கிறேன். அந்த முகர்தலில் மிக்கேல்ராஜை மிஞ்ச ஆள் கிடையாது.

2021இல் அவருக்குக் கொரோனா வந்தது. உயிர் பிழைத்தார், மூக்கும் நாக்கும் போய்விட்டன. இன்று வரும் நாளை வரும் என்று வெளியே சொல்லாமல் இருந்துவிட்டார். அந்த வருடக் கடைசியில் வடமதுரைப் பக்கம் ஒரு காதுகுத்து. மூக்கு போனதை மறந்து, பழக்கதோஷத்தில் மூடியைத் தூக்கி முகர்ந்தார். ஒன்றும் தெரியவில்லை. உப்பே போடவில்லை போலிருக்கிறது என்று நினைத்து இன்னொரு தடவை போட்டுவிட்டார்! முதல் பந்தியில் இலையை மூடிவிட்டு எழுந்தார்கள். வேறு யாராக இருந்தாலும் அரிசி மேல் பழி போட்டிருப்பார்கள். அவர் பந்தி நடுவில் போய் நின்று கைகூப்பினார். “தப்பு எம்மேலதான் சாமி. எனக்கு வாசமும் தெரியல, ருசியும் தெரியல” என்றார்.

மறுவாரம் அவர் வீட்டுக்குப் போய் நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அண்ணே, கண்ணு போனவன் பஸ் ஓட்டலாமா? பேசாம வீட்ல இருங்க” என்றேன். ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்தேன். ஆரோக்கியம்மாள் காபி கொண்டு வந்து வைத்தார், அதைக் குடிக்கும் துணிச்சல் எனக்கு இல்லை.

இரண்டு மாதம் அவர் வேலைக்குப் போகவில்லை. ஆனால் அவர் மனம் முடங்கிக் கிடக்கவில்லை. ஒருநாள் நான் சமைத்த மண்டபத்துக்கு வந்தவர், கொல்லைப்பக்கம் பாத்திரம் கழுவும் இடத்தில் போய் உட்கார்ந்தார். அங்கே ராமுத்தாய் அண்டா சுரண்டிக்கொண்டிருந்தார். இருபது வருடமாக எல்லா மாஸ்டர்களின் அடிச்சோற்றையும் தின்றவர் அவர். “பெருமாள்சாமி அண்ணனுக்கு இன்னைக்கு ரெண்டாவது அண்டாவுல உப்பு செத்த கம்மி. மனசு எங்கயோ போயிருச்சு” என்றாராம். நான் போய்த் தின்று பார்த்தேன். உண்மைதான்!

மாஸ்டருக்கு அது போதுமானதாக இருந்தது. அடுத்த ஆர்டரில் ராமுத்தாயை அடுப்புப் பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். அரிசி போடுவதற்கு முன் மசாலாத் தண்ணீரில் உப்பு கொஞ்சம் தூக்கலாக நிற்க வேண்டும். அந்தத் தண்ணீரை மாஸ்டர் ராமுத்தாயின் உள்ளங்கையில் ஊற்றுவார். ராமுத்தாய் நக்கிப் பார்த்து “இன்னும் ஒரு கை” என்பார், மாஸ்டர் போடுவார். தம் போடும் பதத்தைக் காதால் கேட்கப் பழகினார். வெங்காயத்தை நிறம் பார்த்து இறக்கினார். அறுபது வயதில் தன் தொழிலை முதலிலிருந்து கற்றுக்கொண்டார், ஐயா!

நாம் என்ன செய்தோம்? “பாத்திரம் கழுவுறவ பேச்சைக் கேட்டு உப்பு போடுறதா?” என்று முதலில் கத்தியவன் நான். ராமுத்தாயைச் சங்கத்தில் சமையல்காரராகச் சேர்க்கச் சொல்லி மாஸ்டர் மூன்று தடவை மனு கொடுத்தார். மூன்றையும் விதியில் இடமில்லை என்று தள்ளினேன். அப்படி ஒரு விதியே கிடையாது. அது என் திமிர். அவர் இருக்கும்போதே இதை ஒப்புக்கொண்டிருக்க வேண்டும், செய்யவில்லை. அது என்னை உறுத்துகிறது.

மிக்கேல்ராஜ் மாஸ்டருக்குப் படம் திறந்தால் போதுமா? மாலை போட்டால் போதுமா? அவர் கண்டுபிடித்த வழியில் அடுப்பு எரிய வேண்டாமா? நேற்று நிர்வாகக் குழு கூடி, ராமுத்தாயை உறுப்பினராகச் சேர்த்துவிட்டோம். மாஸ்டர் பிடித்த ஆர்டர்கள் அவருடைய ஆட்களிடமேதான் இருக்கும். வரும் ஞாயிறு தாடிக்கொம்புக் கல்யாணத்துக்கு மாஸ்டர், ராமுத்தாய்.

இன்று காலை ராமுத்தாய் வீட்டுக்குப் போய் இதைச் சொன்னேன். அண்டா தூக்கவும் கிண்டவும் ஆள் வேண்டுமே, நான் வருகிறேன் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “வாங்க. ஆனா நான் சொல்லாம ஒரு கல்லு உப்பு உள்ள விழக்கூடாது. சம்மதமாண்ணே?” என்று கேட்டார்.

கூட்டத்துக்கு வாருங்கள், அங்கே சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இப்போது உங்கள் அத்தனை பேர் முன்னிலையிலும் பதில் சொல்கிறேன்: சம்மதம், மாஸ்டர்.