செல்போனில் வருகிறவருக்கு எந்தப் பக்கம்?

பிள்ளைகளே, சிவகாசி பஸ்ஸில் என் முன் சீட்டில் காலண்டர் கம்பெனி நடத்தும் ஓர் அக்காவும் அவர் தம்பியும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“ஏலே, செல்லுல நம்ம வெப்சைட்டைத் திறந்தா எதுக்கு நேரா இந்தியில போய் நிக்குது?”

“வடக்க இருந்துதானக்கா நெறைய ஆர்டர் வருது.”

“நம்மகிட்ட காலண்டர் வாங்குற குண்டூர்க்காரரு, இந்தி ஒண்ணும் புரியலன்னு பக்கத்த மூடிட்டாராம். அவரு ஆர்டர் கைய விட்டுப் போகப் போகுது.”

“அப்ப தெலுங்குக்கு மாத்திருதேன்.”

“வடக்க உள்ளவுக என்ன செய்வாக? காலண்டர்ல கடைப்பேரு எடத்த ஏன்லே வெறுமையா விட்டு அச்சடிக்கோம்?”

“வாங்குறவுக பேரச் சொன்ன பெறகு போடத்தான்.”

“இங்கயும் அப்படி விடு. தமிழு, தெலுங்கு, இந்தின்னு மூணையும் காட்டு. அவுக அமுக்குனது தெறக்கட்டும்.”

“குண்டூர்க்காரரு திரும்ப வருவாராக்கா?”

“நீ மாத்து. அவர நான் கூப்புடுதேன்.”

விருதுநகர் வருவதற்குள் அக்கா போனை எடுத்து, தட்டுத்தடுமாறித் தெலுங்கில் பேசத் தொடங்கினார்.