ரெண்டுக்கு அடுத்தது

அம்மா: சிரிக்காதீங்க.

அப்பா: நான் எங்க சிரிச்சேன்?

அம்மா: வாய் சிரிக்கலை. தோள் குலுங்குது.

அப்பா: சரி, சரி... மறுபடி சொல்லு. காப்பகத்துல மிஸ் பொம்மையை எண்ணச் சொன்னாங்க...

அம்மா: உங்க மக முன்னாடி போய் நின்னுக்கிட்டு, ஒண்ணு... ரெண்டு...

அப்பா: அப்புறம்?

அம்மா: அப்புறம் அந்தக் கெட்ட வார்த்தை!

அப்பா: அதுக்கப்புறம்?

அம்மா: நாலு, அஞ்சு, ஆறு. அதெல்லாம் சுத்தமாச் சொல்றாளாம்.

அப்பா: கெட்டிக்காரி!

அம்மா: கெட்டிக்காரியா? மத்த பதினோரு பிள்ளைங்களும் கூடவே சொல்லிச்சுங்களாம். ராகம் போட்டு! பேரனைக் கூட்டிட்டுப் போக வந்த பெரியவர் கைத்தடியைக் கீழ போட்டுட்டாராம்.

அப்பா: ...

அம்மா: தோள்!

அப்பா: நிறுத்திட்டேன், நிறுத்திட்டேன்.

அம்மா: நாளைக்கு ஒரு தடவை அது வாயில வந்தாலும் இனிமே கூட்டிட்டு வராதீங்கன்னுட்டாங்க. பக்கத்துல வேற காப்பகம் ஏது? இடுப்புல பிள்ளையை வச்சுக்கிட்டு நான் எப்படித் தைக்கிறது? அடுத்த மாசம்தான் கம்பெனியில என்னை நிரந்தரம் பண்றேன்னிருக்காங்க...

அப்பா: ...அது வசவுன்னே அவளுக்குத் தெரியாது. மூணுன்னு நினைச்சுக்கிட்டிருக்கா.

அம்மா: எந்த ஊர்ல அது மூணு?

அப்பா: எங்க குடோன்ல. பெட்டி தூக்கறப்ப ஒண்ணு, ரெண்டு, அப்புறம் அதான். எட்டுப் பேருக்கும் அதுலதான் கை எழும்பும். மூணுன்னா ஒருத்தனும் அசைய மாட்டான்.

அம்மா: அது இவ காதுக்கு எப்படி வந்துச்சு?

அப்பா: போன ஞாயித்துக்கிழமை நீ ஓவர்டைம் போனியே... பார்க்குக்குக் கூட்டிட்டுப் போனேன்னு சொன்னேன்ல...

அம்மா: குடோனுக்கா!

அப்பா: ஒரு மணி நேரம்தான். எடை மெஷின் மேல உக்காந்து பிஸ்கட் தின்னுக்கிட்டிருந்தா.

அம்மா: அதானே பாத்தேன்! எல்லாம் உங்களால வந்தது!

அப்பா: என் தப்புதான், ஒத்துக்கறேன். திட்டினா இன்னும் கெட்டியாப் பிடிச்சுக்குவா. நிஜ மூணைக் காட்டிருவோம். பாப்பா, இங்க வா! கட்டிலைத் தூக்கலாமா?

பாப்பா: நானும்! நானும்!

அப்பா: நீ அந்தப் பக்கம் பிடி. ஒண்ணு... ரெண்டு... மூணு!

அம்மா: ஐயோ, என் இடுப்பு! நான் மட்டும் தூக்கறேன், நீங்க சும்மா நிக்கறீங்க?

அப்பா: கை காத்துக்கிட்டு நிக்குது... பதினஞ்சு வருஷப் பழக்கம்.

பாப்பா: அப்பா தப்பு! நான், நான்!

அப்பா: சரி, நீயே எண்ணு. அவ அதைச் சொன்னா ரெண்டு பேரும் தூக்கக் கூடாது. அப்பத்தான் விடுவா. புரியுதா?

அம்மா: எனக்குப் புரியுது.

பாப்பா: ஒண்ணு... ரெண்டு... *!

அம்மா: ஏங்க! எதுக்குத் தூக்கினீங்க?

அப்பா: தானா எழும்பிடுச்சு!

பாப்பா: தூக்கிட்டோம்! தூக்கிட்டோம்!

அம்மா: விளங்கின மாதிரிதான். கையைக் கட்டிக்கிட்டுத் தள்ளி நில்லுங்க. பாப்பா, நீயும் நானும். ஒண்ணு... ரெண்டு... மூணு! ஹை, எழும்பிடுச்சு! இப்ப நீ சொல்லு.

பாப்பா: ஒண்ணு... ரெண்டு... மூணு!

அம்மா: இன்னும் சத்தமா!

பாப்பா: மூணூ! மூணூ!

அப்பா: அடி என் தங்கமே! அங்க பாரு, செருப்பை எண்ணப் போயிட்டா. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு... கேக்குதா?

அம்மா: கேக்குதுங்க. நாளைக்குத் தாங்குமா?

அப்பா: தாங்கும். மெதுவா மறந்துருவா. ஆனா... ஒண்ணு மட்டும் இடிக்குது.

அம்மா: என்ன?

அப்பா: அந்த ஞாயித்துக்கிழமை லாரியே வரலை. சும்மா சீட்டாடிக்கிட்டிருந்தோம். ஒரு பெட்டிகூட யாரும் தூக்கலையே.

அம்மா: ...சாப்பிடலாமா?

அப்பா: இரு, இரு. ஏன் மூஞ்சியைத் திருப்பிக்கறே?

அம்மா: பீரோவை நகர்த்தினது யாருன்னு கேட்டீங்களே... பக்கத்து வீட்டுக்காரர்னு சொன்னேன்ல... நான்தாங்க. எவ்வளவு தள்ளியும் அசையலை. தூக்கத்துல நீங்க எண்ணுவீங்களே, அதே மாதிரி எண்ணித் தள்ளினேன். ஒரே மூச்சுல சுவரோரம் போயிடுச்சு! பாப்பா கை தட்டினா... அதான், பீரோவைத் திரும்ப நடு வீட்டுக்கு இழுத்துட்டு வந்து, இன்னொரு தடவை சொன்னேன்.