உச்சிமுடி இல்லாதவரின் உள்நாக்கு

காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் காத்திருப்போர் அமைதி காக்க வேண்டும் என்பது விதி. பூந்தமல்லி மருத்துவமனையில் ஒரு தம்பதி அந்த விதியை எழுதியிருந்த அறிவிப்புப் பலகைக்கு அடியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். கணவர் ஓயாமல் இருமினார். தலையில் ஒரு முடிகூட இல்லை.

“உள்நாக்கு எறங்கிகினு கீதுய்யா. உச்சிமுடிய புடிச்சி இழுத்தா மேல ஏறிடும்,” என்றாள் மனைவி.

“முடிக்கு எங்கடி போறது?”

“அதுக்குத்தான் டாக்டராண்ட வந்துகீறோம். ஞாயித்துக்கெழம சர்ச்சுல நீ பாடலன்னா உன் தம்பி பாடிடுவான். அவனுக்குத் தல நெறைய முடி.”

அவர் இன்னும் பலமாக இருமினார்.

“மீச கீதே, அதயாவது இழுக்கட்டா?”

“மீசைல கைய வெச்ச, அவ்ளோதான் சொல்ட்டேன்!”

அந்த முழக்கத்துக்கு வரிசையே திரும்பிப் பார்த்தது. நடுவில் ஓர் இருமல்கூட இல்லை.

மனைவி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“ஏறிடுச்சி. எந்திரி, ஊட்டுக்குப் போலாம்.”