தம் பறப்புக்கே தடை சொன்ன மரியம் பீவி அம்மையாருக்கு

விண்ணை வாசித்து விமானங்களை வீடு சேர்த்த வித்தகியே! காற்றின் கள்ளத்தனம் அறிந்த காவலரே! காஜிமார் தெரு தந்த கார்முகிலே! எங்கள் விமானப் பயிற்சிக் கூடத்தின் வானிலை அதிகாரி மரியம் பீவி அம்மையீர்! பணி நிறைவு காணும் இந்நன்னாளில், அவையோர் அறியத் தங்கள் பெருமையைத் தங்கள் முன்னிலையிலேயே கதையாகச் சொல்கிறோம். மறுப்பு இருந்தால் மடல் முடிந்தபின் மறுக்கலாம்.

அம்மையார் “மழை” என்று வாய் திறந்தால் போதும், வில்லாபுரத்து மொட்டைமாடி வற்றல்கள் தாமாகவே எழுந்து வீட்டுக்குள் நடந்துவிடும்! சிறு விமானம் ஏறும் எவரும் முதலில் அவர் மேசை முன் அமர்ந்து, ‘பிரீஃபிங்’ என்னும் வானிலை விளக்கவுரையைக் கேட்டாக வேண்டும். திரையில் மேகப்படம் ஓடும். அம்மையாரோ அரைக்கண் மூடித் தொடங்குவார்: “பசுமலை வரைக்கும் காத்து தாலாட்டும். அதுக்கு அங்கிட்டு தோளப் பிடிச்சு உலுக்கும். பேரையூர்ப் பக்கம் பஞ்சுமூட்டையா மேகம் நிக்கும், அழகா இருக்கேன்னு கிட்டப் போயிராதீக.” கேட்டுக்கொண்டிருக்கும்போதே நாற்காலி தரையை விட்டு எழும்பும். விமானி ஜெயபாண்டி, பிளாஸ்டிக் நாற்காலியில் இருக்கைப் பட்டையைத் தேடிய கதை நாடறியும்!

ஆனால் அவையோரே, இத்தனை பேரைப் பறக்கவிட்ட அம்மையாரின் பாதம் ஒருநாளும் தரை விட்டதில்லை. “கீழ யாராச்சும் வானத்தப் பாக்கணும்ல?” என்று சிரித்தே தட்டிக்கழித்தார். மேலிருந்து வைகை வெள்ளி அரைஞாணாய்த் தெரியுமென்று பயிற்சிக்கு வந்தோர்க்கெல்லாம் சொன்னவர், தாம் அதைக் கண்டதில்லை. மதியச் சோற்றுக்குப் பின் கண் அயர்கையில் மட்டும் அவர் முகம் வேறெங்கோ மிதந்துகொண்டிருக்கும்.

ஆகவே, மதுரைக்கு மேலே ஒரு சுற்று என்பதே எங்கள் பிரிவுப் பரிசு. இன்று காலை புதுச்சேலையும் பூப்போட்ட முக்காடுமாக வந்து நின்றார். விமானத்தின் இறக்கையைக் கன்றுக்குட்டியைத் தடவுவதுபோல் தடவினார்.

“ஏறுங்கக்கா, மதுரையத் தூக்கி மடியில வைக்கிறேன்” என்றார் ஜெயபாண்டி.

“பிரீஃபிங் முடிஞ்சதா தம்பி?”

“உங்களுக்கேவா?”

அம்மையார் உள்ளே போனார். தம் மேசையில் தாமே அமர்ந்தார். திரையைப் பார்த்தார், சன்னலைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

“மேற்க மேகம் எந்திரிக்குது. காத்து ஓடுபாதைக்குக் குறுக்க திரும்புது. இன்னைக்கு வேணாம்.” குரல் கடைசிச் சொல்லில் கொஞ்சம் உடைந்தது.

“இது ஒரு மேகமாக்கா? எம்புட்டுப் பாத்திருக்கோம்!” என்று ஜெயபாண்டி கெஞ்சினார். நாளை முதல் அம்மையாரின் நாற்காலியில் அமரப்போகும் அன்னக்கொடியும் சேர்ந்துகொண்டார்: “ஒரே ரவுண்டுதானக்கா!”

“வேற ஆளா இருந்தா விடுவேனா? எனக்குன்னா மட்டும் எப்பிடி விடுறது?”

பிறகு நடந்ததை மறைப்பானேன்? ஒரு தூறல் இல்லை. இடி, மின்னல், குறுக்குக்காற்று எதுவும் இல்லை. உச்சிவேளையில் வானம் நீலத்தில் முக்கியெடுத்தாற்போல் விரிந்து, எங்களைப் பார்த்துப் பல்லிளித்தது!

“அக்கா, குடை கொண்டாரவா?” என்றார் ஜெயபாண்டி.

அம்மையார் அந்த நீலத்தையே வெகுநேரம் பார்த்தார். பிறகு குலுங்கிச் சிரித்தார்: “வராத இடிகிட்ட கோவிச்சுக்கிற முடியுமா தம்பி?”

அம்மையீர்! நாளைக் காலையும் விமானம் தங்களுக்காகக் காத்து நிற்கும். தாங்கள் அதிகாரியாக அல்ல, பயணியாக வாருங்கள். அன்னக்கொடியின் முதல் விளக்கவுரை தங்களுக்கே. அவர் வேண்டாம் என்றால், எங்களைப்போல் தாங்களும் முணுமுணுத்தபடி வீடு திரும்ப வேண்டும். போகலாம் என்றால் மறுபேச்சின்றி ஏறிவிட வேண்டும். கண்ணில் ஒளியும் காலில் வலிமையும் குன்றாது, நூறு கார்காலம் கண்டு நீடு வாழ்க! எங்கள் எல்லார் கண்ணும் நாளை மேற்கே.

அன்பில் நனைந்த
பயிற்சிக் கூடப் பணியாளர்கள்,
மதுரை.