ஈரம் பார்க்கப் போன வள்ளம்

— நான் ஏறினது உங்கட முகத்தைப் பாத்து இல்லை. அதை முதலில விளங்கிக்கொள்ளுங்கோ, றோய்.

— விளங்குது டிலோ. காலைக் கவனமா வை. வழுக்கும்.

— வள்ளத்தைப் பாக்கத்தான் ஏறினனான். அதுவும் அம்மா பிடிச்சுத் தள்ளி விட்டதால.

— மாமிக்கு ஒரு பெரிய கும்பிடு.

— பசப்பாதைங்கோ. என்ன திருத்தினனீங்க, அதைச் சொல்லுங்கோ.

— எஞ்சின் உள்ளுக்க நிக்குது. தண்ணியைத் தள்ளுற கால் வெளியில நிக்குது. ரெண்டும் சேருற இடத்தில வள்ளத்தின்ர பின்பக்கம் ஒரு ஓட்டை. அந்த ஓட்டையை மூடுற றப்பர் புதுசு. கொழும்பால எடுப்பிச்சனான்.

— காலுக்குள்ள விடுற ஒயில்?

— முந்தித் திறந்தால் பால் தேத்தண்ணி மாதிரிக் கலங்கி இருந்தது. தண்ணி புகுந்ததால வந்த நிறம். இப்ப தேன் மாதிரி நிக்குது.

— போன முறையும் "ஒரு பிரச்சினையும் இல்லை" எண்டுதான் ஏத்தினீங்க.

— டிலோ...

— வெடிச்ச றப்பருக்கு சைக்கிள் ரியூப் துண்டு ஒட்டி, கறுப்பு ரேப் சுத்தி, எனக்கு மூச்சும் விடேல்ல. நடுக்கடலில கணுக்கால் மட்டத்துக்குத் தண்ணி நிக்குது, "அலை தெறிச்சது" எண்டுறீங்க. நான் வாளியால தண்ணியை அள்ளி ஊத்தினன். நீங்க பொய்யை அள்ளி ஊத்தினீங்க.

— அண்டைக்குக் கரையில இறங்கி, இந்தப் பள்ளிமுனைக்கு அம்மா வீட்டை வந்தனி. ரெண்டு மாசம். விடத்தல்தீவில எங்கட வீடு வீடு மாதிரியே இல்லை.

— வீட்டுக் கதை வேண்டாம். எப்பிடிச் சோதிக்கப் போறீங்க?

— உள்பக்கம் முழுக்கத் துடைச்சு, றப்பரைச் சுத்திப் பவுடர் தூவியிருக்கிறன். ஒரு துளி ஈரம் வந்தாலும் கோடு விழும். நான் மூடியைத் திறந்து, தலையை உள்ளுக்க விட்டு, ரோச் வெளிச்சம் அடிச்சுப் பாக்கிறன். நீ சுக்கானைப் பிடி.

— நானோ?

— கடலோடி அமிர்தநாயகத்தின்ர மகள் சுக்கான் பிடிக்காம வேற ஆர் பிடிக்கிறது?

— பொறுங்கோ. என்ன வாசம் இது? றோய், இது என்ர பவுடரெல்லோ!

— நீ விட்டிட்டு வந்ததுதானே.

— அலுமாரிக்குள்ள வைச்சது!

— அலுமாரியைத் திறந்தால் உன்ர வாசம் வருது. இரவில நித்திரை இல்லை. எஞ்சினுக்குப் பூசி முடிச்சால் நிம்மதி எண்டு பாத்தன்.

— எஞ்சின் என்னைவிட வடிவாத்தான் இருக்கு.

— கோவிச்சுக்கொண்டு தாய் வீட்டை போகாது, அது ஒண்டு.

— வாயைக் குறைச்சுத் தலையை உள்ளுக்க விடுங்கோ. மெதுவா எடுக்கிறன்.

— டிலோ, காய்ஞ்சிருந்தால் வருவியோ?

— வாறதோ இல்லையோ, அதை றப்பர் முடிவெடுக்காது. இப்ப எப்பிடி?

— காய்ஞ்சு கிடக்கு.

— இப்ப?

— பாதி வேகத்திலயும் காய்ஞ்சுதான். இனி முழுசாக் குடு!

— பிடிச்சுக்கொள்ளுங்கோ. முன்பக்கம் எழும்புது!

— டிலோ... நிப்பாட்டு. எஞ்சினை நிப்பாட்டு! தண்ணி!

— என்ன?

— பவுடரில ரெண்டு கோடு விழுந்திருக்கு. தண்ணி வருது டிலோ. நான் சரியாப் பூட்டேல்ல போல. முதல் மிதப்புச் சட்டையைப் போடு. கதைக்காதை, போடு!

— அலை தெறிச்சிருக்கும்.

— அலை இல்லை. உள்ளுக்க இருந்துதான் வருது. பொய் சொல்லமாட்டன். என்னை ஏசு, அடி, முதல் சட்டையைப் போடு.

— போட்டிட்டன். அந்தத் தண்ணியைத் தொட்டு நக்கிப் பாருங்கோ.

— விசரோ உனக்கு?

— கடல் தண்ணியெண்டால் உப்புக் கரிக்குமெல்லோ. பாருங்கோ.

— டீசல் கைக்குது... உப்பு இல்லை. உப்பே இல்லை, டிலோ! எஞ்சினுக்கு மேல ஒரு பள்ளத்திலயும் கொஞ்சம் தேங்கி நிக்குது. முன்பக்கம் எழும்ப, பின்னால வழிஞ்சிருக்கு.

— இருங்கோ, அம்மாவுக்குப் போன் அடிச்சு ஸ்பீக்கரில போடுறன். அம்மா! இவற்ர எஞ்சினில ஏதும் ஊத்தினீங்களோ?

— ஊத்தினன்தான் பிள்ளை. மருமோன் தேத்தண்ணி குடிக்கிற நேரம் பாத்து ஏறினனான். மடு மாதா கோயிலால கொண்டந்த தீர்த்தம். ஒரு போத்தல்.

— முழுப் போத்தலுமோ, மாமி?

— நீங்க பூட்டின எஞ்சினெல்லோ தம்பி. சும்மா தெளிச்சால் காணுமோ?

— சிரிக்காதை டிலோ. எனக்கு உயிர் போய் வந்தது.

— போன முறை கணுக்கால் நனைஞ்சும் வாய் திறக்கேல்ல. இண்டைக்கு ரெண்டு கோட்டுக்கு ஊர் கேக்கக் கத்தினீங்க.

— பயந்து போனன்.

— ஓம். இனியும் அப்பிடியே பயப்பிடுங்கோ. எனக்குக் கேக்கப் பயப்பிடுங்கோ.

— நான் துடைச்சுத் திரும்பப் பவுடர் போடுறன். கொஞ்சத் தூரம் ஓடவேணும். சூடு ஏறினால்தான் றப்பரின்ர குணம் தெரியும். பிறகு பள்ளிமுனைக்குத் திருப்பு.

— திருப்புறன். ஆனால் நான் சொல்லும் மட்டும் தலையைத் தூக்கக்கூடாது.

— என்ன சட்டம் இது?

— சுக்கான் ஆற்ற கையில இருக்கு?

— சரி, சரி. ஓடு.

— காய்ஞ்சிருக்கோ?

— காய்ஞ்சிருக்கு. கழுத்துத்தான் நோகுது.

— நோகட்டும். ரெண்டு மாசம் எனக்கும் நொந்தது.

— ...ஓம். சரிதான்.

— இப்ப?

— வெள்ளை வெளேரெண்டு கிடக்கு, ஒரு பொட்டு ஈரமில்லை. டிலோ, கனநேரமா ஓடுறாய். மாமி தேடப்போறா.

— அம்மா தேடமாட்டா. பவுடரைப் பாருங்கோ.

— பாத்துக்கொண்டுதான் கிடக்கிறன். இனி நம்புவியோ?

— ஆரை? றப்பரையோ, உங்களையோ?

— முதல் றப்பரை நம்பு. எனக்கு அவசரமில்லை.

— றப்பரை நம்பலாம் போலதான் கிடக்கு.

— ஏன் வேகத்தைக் குறைச்சனி? கரை வந்திட்டுதோ? ஆரோ என்ர பேரைச் சொல்லிக் கூப்பிடுகினம். பள்ளிமுனையில என்னை ஆர் கூப்பிடப்போகினம்?

— பள்ளிமுனைக்கு ஆர் போனது? இது விடத்தல்தீவு. எழும்பிக் கயித்தை எறியுங்கோ, வீட்டை போவம்.