ரோசம்மாவைச் சாகவிடாத டோலி

ரொம்ப ரொம்ப முந்தி, நம்ம கருந்தடி மலைக்கு ரோடே இல்லாத காலத்துல, உச்சியில ஒரு வெள்ளைக்கார அம்மா இருந்தாங்களாம். பேரு ஹாரியட். ஊரு வச்ச பேரு கதைத் துரைசாணி. காலையில உக்காந்தா பொழுது சாயுற வரைக்கும் கதை எழுதுவாங்களாம். எழுதினதைக் கட்டி, புத்தகமாப் போடச் சொல்லி சீமைக்கு அனுப்புவாங்களாம். நாலு கதை போச்சாம், நாலும் திரும்பி வந்துச்சாம். அஞ்சாவதும் திரும்பினா, பேனாவை ஓடையில வீசிட்டுக் கப்பலேறிடறதுன்னு முடிவாம்.

அந்த அஞ்சாவது கதைக்கட்டை மடியில வச்சுக்கிட்டு டோலியில ஏறினாங்களாம். தூக்கினது யாரு? எங்க பூட்டன் செங்கோடன், அவர் தம்பி வெள்ளையன், இன்னும் ரெண்டு பேரு. அடிவாரத்துல தபால் வண்டி மத்தியானம் கிளம்பிடும்.

"ஏனுங்கம்மா, கட்டுல என்னங்க?" பூட்டன் குரல் இடி உருட்டினாப்பல இருக்குமாம்.

"கதை, செங்கோடன்! ரோசலின்னு ஒரு பொண்ணு கதை!" துரைசாணிக்கு எல்லாப் பேச்சும் மூக்கு வழியாத்தான் வருமாம்.

நடக்க நடக்கச் சொன்னாங்களாம். ரோசலின் டோலி தூக்கினவங்க வாயில ரோசம்மா ஆயிட்டா. ஏழைப் பொண்ணு. கப்பல்காரனை விரும்பினா. மழையில அவனுக்காகக் காத்து நின்னா. காய்ச்சல் வந்துச்சு.

"அப்புறமுங்க?"

"செத்துப் போச்சு."

டொம்! டோலி பாறை மேல இறங்கிடுச்சாம்.

"என்ன செங்கோடன்! தூக்கு! தபால் போயிடும்!"

"மாட்டோமுங்க. புள்ளத்தாச்சியத் தூக்கியிருக்கோம், பாம்பு கடிச்சவனத் தூக்கியிருக்கோம். எங்க டோலியில ஏறுனவங்க ஒருத்தரும் செத்ததில்லீங்க. ரோசம்மா இப்ப எங்க டோலியிலதான இருக்கா?"

"அது வெறும் கதை! பெரிய கதைன்னா கடைசியில சாகணும். சீமையில அதுதான் வழக்கம்!"

"அந்த வழக்கத்துலதான் நாலும் திரும்பி வந்துச்சுங்களா?"ன்னு கீச்சுன்னு கேட்டாராம் வெள்ளையன்.

துரைசாணி முகம் செம்பருத்தியாட்டம் சிவந்துச்சாம். தோளு குலுங்குச்சாம். அழுவறாங்களோன்னு எட்டிப் பாத்தா, சிரிப்பு! பாறையிலயே உக்காந்து பென்சிலை எடுத்தாங்களாம்.

"சரி. காய்ச்சலுக்கு என்ன பண்றது?"

"சுக்கு தட்டிப் போட்டுக் கஷாயம் குடுங்க!"

"மொதல்ல ஈரத்துணிய மாத்துங்க!"

"அந்தக் கப்பல்காரன் எங்கீங்க போய்த் தொலைஞ்சான்? வரச்சொல்லுங்க!"

ஆளுக்கு ஒண்ணு கத்தினாங்களாம். ரோசம்மா கண்ணு முழிச்சா. கல்யாணமும் ஆச்சு. அப்பத்தான் டோலியைத் தூக்கினாங்களாம். தூக்கினாங்களா? பறந்தாங்களாம்! வண்டிக்கு மாடு பூட்டையில போய்ச் சேர்ந்தாச்சு.

எட்டு மாசம் கழிச்சுக் கட்டு திரும்பி வரல. புத்தகமா வந்துச்சாம். சீமையே படிச்சுட்டு, சுக்குன்னா என்னன்னு கேட்டுச்சாம். அதுக்கப்புறம் பதினோரு கதை எழுதினாங்களாம். பதினொண்ணும் அந்தப் பாறையில சொல்லி முடிச்சுத்தான் கீழே போச்சாம். கதையில எவனையாவது கொல்லணும்னா, அந்த அத்தியாயத்தை மட்டும் தனியாக் கழுதை மேல அனுப்புவாங்களாம்!

அதான் அது ரோசம்மா பாறை. பொறக்கவே பொறக்காத பொண்ணு பேருல ஒரு பாறை! இன்னிக்கும் முடியாதவங்களை ஏத்திக்கிட்டு வேன் இறங்கினா, டிரைவர் அந்தப் பாறை வளைவுல நிறுத்தி, பின்னால திரும்பிக் கத்துவாரு: "ரோசம்மாவே பொழைச்சா! நீ பொழைக்க மாட்டியா?"

படுத்திருக்கறவங்க, எம்புட்டுக் காய்ச்சல்னாலும், "பொழைப்பேன்"னு வாயைத் திறந்து சொல்லணும். சொன்னாத்தான் வண்டி நகரும்.