அர்த்தனாரிக்கு இரண்டாவது இரங்கல்

தலைமை தாங்கும் குண்டனி நாட்டுப் பட்டக்காரர் அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! கணவரை இழந்து வாடும் கண்ணாயி அக்கா அவர்களே! சோளக்காட்டுச் சந்தையைப் பாதியில் விட்டு ஓடி வந்திருக்கும் தாய்மார்களே, தோழர்களே, வணக்கம்.

பேஸ் மாஸ்டர் அர்த்தனாரி மறைந்தார்! ஜாஸ் என்னும் மேல்நாட்டு இசையில், ஆளுயரப் பிடிலை நிற்க வைத்து விரலால் சுண்டி வாசித்தவர் மறைந்தார்! சென்னை ஓட்டலில் ஒன்பது ஆண்டுகள் வெள்ளைக்காரர்களை ஆட வைத்தவர் மறைந்தார்!

அவருக்கு நான் இரங்கல் பேசுவது இது இரண்டாவது முறை. ஏன் சிரிக்கிறீர்கள்? முதல் முறை நீங்களும்தானே அழுதீர்கள்?

முப்பது வயதில் பட்டணம் போனவர், முப்பத்தெட்டில் ஊர் திரும்பினார். அந்தப் பிடிலை வெள்ளைத் துணியில் சுற்றி, மூங்கிலில் கட்டி, சேந்தமங்கலத்து ஆட்கள் நால்வர் மலையேற்றி வந்தார்கள். மாஸ்டரோ செருப்பு வாங்க அடிவாரத்தில் நின்றுவிட்டார். வந்தவர்கள் மூச்சிரைக்க, "அர்த்தனாரி ஊடு எதுங்க?" என்று மட்டும் கேட்டார்கள். நமக்கு அது போதாதா? கண்ணாயி அக்கா மயங்கி விழுந்தார். துணியை அவிழ்த்துப் பார்க்க ஒருவருக்காவது தோன்றியதா? நான் பாறைமேல் ஏறி, "அவர் ஊதினால் மலையே அதிரும்!" என்று முழங்கினேன்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல். "ஏனுங்க, அது ஊதறதில்லீங்க. சுண்டறது."

திரும்பினால், புதுச் செருப்போடு அர்த்தனாரி!

மறுநாள் என்னை அழைத்தார். "சின்னராசு, மறுபடியும் நீதான் பேசப் போறே. தெரிஞ்சுக்கிட்டுப் பேசு சாமி" என்று என் விரலைத் தந்தியில் வைத்தார். ஆறு ஆண்டுகள்! எத்தனை கொப்புளங்கள்! என்னோடு பாப்பாயி, சின்னுசாமி என்று பதினொரு பேர் கற்றோம். திருவிழா மேளத்துக்குப் பின்னால் அந்தப் பிடில் எப்போதும் ஒலித்தது. அதை நாம் காதில் வாங்கினோமா? "கேக்கலீன்னா நல்லதுங்க. நின்னுட்டாத் தெரியும்" என்பார்.

சென்ற செவ்வாய்க்கிழமை நின்றது. தெரிகிறது, மாஸ்டர்.

அவருடைய சனிக்கிழமை வகுப்பு நிற்காது. என் விரல் தேயும்வரை நான் நடத்துவேன். இது இந்த மேடையில் நான் தரும் வாக்கு!

ஒன்று சொல்லி அமர்கிறேன். ஓட்டலில் ஒன்பது ஆண்டுகள் என்றேன். எட்டுதான். தெரிந்தேதான் தப்பாகச் சொன்னேன். அப்போதிருந்து கடைசி வரிசையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். யாரும் திருத்தவில்லை.